சீலைக்கு மேலால் பார்த்த நாடி

"நாக்க நீட்டுங்க மாமி. இன்னம் கொஞ்சம். பயப்புடாதங்க, நான் அறுக்க மாட்டன்."

டோர்ச் லைட்டை அடித்துப் பார்த்த நஸீறா அதை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே ஸ்டூலில் இருந்த ஆமினா உம்மாவின் நாக்கு செங்கட்டி நிறத்தில் இருந்தது.

"வெத்தில போட்டீங்களா?"

"ஒரேயொரு வாய் புள்ள. பஸ்ஸுல வரக்குள்ள வாய் புளிச்சிச்சு."

"இப்ப நான் என்னத்தப் பாக்கிற? சூடு கூடிச் சிவந்திரிக்கா, சுண்ணாம்பு கூடிச் சிவந்திரிக்கா எண்டு எனக்கென்ன தெரியும்? போய் வாயக் கொப்புளிச்சிட்டு அர மணித்தியாலம் அங்கால இரிங்க."

கொட்டில் கதவில் காட்போட் மட்டை ஒன்று தொங்குகிறது. வெற்றிலை போட்டவர்கள், பிளேன்டி குடித்தவர்கள், ஐஸ்பழம் தின்றவர்கள் உடனே உள்ளே வர வேண்டாம் என்று அவளே எழுதியது. அப்படி இருந்தும் வாராவாரம் யாராவது ஒருவர் சிவந்த நாக்கோடு வந்துவிடுவார். டுபாயில் தனக்கு இதைப் பழக்கிய டொக்டர் லின்னுக்கு இந்தக் கரைச்சல் இருந்திருக்காது என்று அவள் சொல்வாள்.

ஏறாவூரில் அவளைச் சீனா நஸீறா என்றால்தான் தெரியும். வெறும் நஸீறா என்று கேட்டால் ஆறு வீட்டைக் காட்டுவார்கள். வயது அறுபத்தொன்று. பெரிய தெருவிலிருந்து வாவிக்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், கடைசிக்கு முந்திய வளவு அவளுடையது. முன்னால் நல்ல கல்வீடு. பக்கத்தில் தகரக் கொட்டில். கொட்டிலுக்குள் இரண்டு கட்டில், நாலு ஸ்டூல், ஒரு மேசை. மேசையில் சின்னத் தலையணை ஒன்று, நோயாளி மணிக்கட்டை வைப்பதற்கு. புதனும் சனியும் காலையில் ஒழுங்கைக்குள் நுழைந்தாலே அந்தப் புகை மணக்கும். சாம்பிராணி மாதிரியும் இருக்கும், வைக்கோல் எரிந்த மாதிரியும் இருக்கும்.

என் உம்மாவும் நஸீறாவின் வாப்பாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அந்த முறைக்கு அவள் எனக்கு மச்சி. என் வலது முழங்கால் மடங்காமல் போய் இரண்டு வருடமாக அவளுடைய புகைக்கு நான் கடன்பட்டவன். "மச்சான்ட முழங்கால் சீமெந்துக் கட்டு, இத உடைக்க ஏலா, சூடு காட்டி இளக்கத்தான் ஏலும்" என்பாள். இளக்கியும் இருக்கிறாள். இப்போது நிலத்தில் குந்தித் தொழ முடியாவிட்டாலும், கட்டிலில் இருந்து நானாக எழும்புகிறேன்.

வைத்தியம் அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் இருந்தது அல்ல. எங்கள் குடும்பத்தில் மேசன்கள் உண்டு, தோணிக்காரர்கள் உண்டு, ஒரு லெப்பை உண்டு. பரிகாரி யாரும் இல்லை. முப்பத்தொன்பதாவது வயதில் வீட்டு வேலைக்கென்று டுபாய்க்குப் போனாள். ஒரு வீட்டில் இரண்டு வருடம். பிறகு மலையாளப் பெண் ஒருத்தி பிடித்துக் கொடுத்த வேலை: டெய்ராவில், மீன் சந்தைக்குக் கிட்ட, ஒரு சீன வைத்திய நிலையத்தில் கூட்டித் துடைப்பது. பன்னிரண்டு வருடம் அங்கே நின்றாள்.

டொக்டர் லின் தனி மனுசி. குட்டையாக வெட்டிய தலைமுடி, பிள்ளை குட்டி கிடையாது. மத்தியானம் ஒரு மணிக்குக் கதவை மூடினால் நாலு மணிக்குத்தான் திறப்பு. வெளியில் நெருப்பு வெயில், உள்ளே ஏசி இரைந்துகொண்டிருக்கும். இரண்டு பெண்களும் நோயாளிக் கட்டில்களில் ஆளுக்கொன்றாகச் சாய்ந்திருந்து கொமட்டிப்பழ விதை உடைத்துத் தின்பார்கள். பாதி அரபு, பாதி இங்கிலீஷ், மீதி கையால் பேச்சு. ஒருநாள் லின் ஒரு தலைமுடியை எடுத்து மேசையில் வைத்து, மேலே ஒரு கடதாசியை மூடி, முடி எங்கே கிடக்கிறது என்று விரல் நுனியால் தேடச் சொல்லியிருக்கிறாள். விளையாட்டுப் போல. நஸீறா தேடிப் பிடித்துவிட்டாள். அடுத்த நாள் இரண்டு கடதாசி. ஆறு மாதத்தில் பத்துக் கடதாசிக்கு அடியில் கிடந்த முடியை அவள் விரல் கண்டுபிடித்தது. அதன் பிறகுதான் லின் தன் மணிக்கட்டை நீட்டி, "இப்போது இதைப் பார்" என்றாளாம்.

இதைச் சொல்லும்போது மட்டும் நஸீறாவின் கை வேலை செய்யாது. புகைக்குச்சி ஒரு பக்கம் எரிந்துகொண்டிருக்கும், சாம்பல் நீண்டு தொங்கும். "அந்த மூணு மணித்தியாலம் இரிக்கே மச்சான், அது மாதிரி ஒரு மத்தியானம் எனக்கு இஞ்சயும் இல்ல, இனி எங்கயும் இல்ல" என்பாள். லின் கடையை மூடிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். இப்போதும் பெருநாளைக்கு அவளிடமிருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ் வரும். அதை ஆளில்லாத இடத்தில் போய் நின்று இரண்டு தரம் கேட்பாள்.

லின் கொடுத்த பன்னிரண்டு கண்ணாடிக் குவளைகள் சூட்கேசில், அபாயாக்களுக்கு நடுவே ஏறாவூர் வந்து சேர்ந்தன. அவற்றில் பதினொன்று மிச்சம். பன்னிரண்டாவதற்குப் பதிலாக ஒரு சின்ன ஜாம் போத்தல். உள்ளே நெருப்பைக் காட்டி முதுகில் கவிழ்த்தால் சதையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஆட்களுக்கு ஹிஜாமா தெரியும், அதனால் யாரும் பயப்படுவதில்லை. "அதுட தங்கச்சிதான் இது, ரெத்தம் மட்டும் எடுக்கிற இல்ல" என்று ஒரு வரியில் விளக்கம் முடிந்துவிடும். காதில் பிளாஸ்டர் வைத்து ஒட்டும் விதை முடிந்துபோனபோது கடுகை ஒட்டினாள். ஐந்து வக்துத் தொழுகைக்கும் முன்னால் அதை அமத்தச் சொல்வாள். தமிழ் ஆட்கள் வந்தால், "நீங்க விளக்கு வைக்கக்குள்ள அமத்துங்க" என்பாள்.

டொலர் இல்லாமல் நாட்டுக்குள் சாமான் எதுவும் வராத வருடத்தில் புகைக்குச்சியும் முடிந்தது. அதற்குள்ளே இருக்கிற இலை மாசிப்பத்திரி என்று எங்கோ கேட்டு அறிந்து, பதுளையில் கலியாணம் முடித்துப்போன எங்கள் ஸாஹிர் சாச்சாவின் பேத்திக்குப் போன் எடுத்தாள். இப்போது மாதம் ஒருமுறை பஸ்ஸில் ஒரு சாக்கு வருகிறது. காயவைத்து, உரலில் இடித்து, நரம்பைப் புடைத்து எறிந்துவிட்டு, பஞ்சு போல வந்ததும் கடதாசியில் சுருட்டுவாள். சுருட்டின் நுனியைக் கொளுத்தி, தோலில் படாமல் இரண்டு விரல் தூரத்தில் பிடித்தால் சூடு எலும்பு வரைக்கும் இறங்கும்.

ஊசி மட்டும் குத்தமாட்டாள். லின் குத்துவதை ஆயிரம் தரம் பார்த்தவள்தான். "அதுக்கு சேட்டிபிக்கட் வேணும். எனக்கிட்ட இரிக்கிறது தும்புத்தடி பிடிச்ச சேட்டிபிக்கட்" என்று சிரிப்பாள். ஆஸ்பத்திரி மருந்தை நிற்பாட்டு என்று யாருக்கும் சொன்னதில்லை. ஒரு நாடி மட்டும் உண்டு, அது விரலில் பட்டால் குச்சியைக் கொளுத்தவே கூடாது. ஓடி ஓடி வந்து, ஓர் ஒழுங்கில்லாமல் இடையில் விடுபடுகிற நாடி. அது கையில் பட்டால் உடனே அனுப்பிவிடு, ஒரு நாள்கூட வைத்திருக்காதே என்று லின் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இந்த எட்டு வருடத்தில் அப்படி ஐந்து பேரை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஐந்து பேரும் உயிரோடு திரும்பி வந்தார்கள்.

உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒவ்வொரு மனக்குறை என்பது அவள் படித்த கணக்கு. கோபம் ஈரலில் இருக்குமாம், துக்கம் நுரையீரலில், யோசனை மண்ணீரலில், பயம் குண்டிக்காயில், அதாவது சிறுநீரகத்தில். நாடியைப் பிடித்தபடியே, "ஆரோட கோவம்?" என்று கேட்பாள். கேட்டதும் வந்த ஆள் வயிற்றுவலியை மறந்து மருமகளைப் பற்றித் தொடங்கிவிடும். ஒருநாள் நான் கேட்டேன், இத்தனை பேருக்குப் பார்க்கிறாயே, ஊருக்கு ஊர் நாடி மாறுமா என்று. கொஞ்சம் யோசித்தாள். "மத்ததெல்லாம் மாறும் மச்சான். நாப்பது வயசுக்கு மேல போனா குண்டிக்காய் நாடி மட்டும் ஏறாவூராக்களுக்கும் சித்தாண்டியாக்களுக்கும் ஒண்டுதான்" என்றாள். சண்டைக்குள் வளர்ந்தவர்களின் வயது அது.

பக்கத்துத் தமிழ் ஊரான சித்தாண்டியில் இருந்து வருகிறவர்களில் ஒருத்தி அஜந்தா. புருசன் செத்து மூன்று வருடம், அழுகையும் வரவில்லை, நித்திரையும் வரவில்லை என்று வந்தவள். நஸீறா அவளுடைய நெஞ்சுக்குழிக்கு மேலே ஓர் இடத்தை விரலால் அமத்திப் பிடித்தாள். அஜந்தா அன்றைக்கு அழத் தொடங்கி, பகல் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அழுதாள். இப்போது நன்றாகத் தூங்குகிறாள். ஆனாலும் புதன்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். சாம்பல் தட்டும் பேணியைப் பிடிப்பது, குவளை கழுவுவது, வரிசை பார்ப்பது எல்லாம் அவள்தான். வாய் சும்மா இருக்காது.

ஆண்களுக்கும் நஸீறா பார்க்கிறாள். அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறாள். அந்நிய ஆண் என்றால் மணிக்கட்டின் மேல் மெல்லிய வெள்ளைச் சீலைத்துண்டு ஒன்றைப் போட்டு, அதற்கு மேலால்தான் விரல் வைப்பாள். எனக்கும் அப்படித்தான். சீனத்திலும் அந்தக் காலத்தில் ராணிமாருக்குச் சீலைக்கு மேலால்தான் நாடி பார்த்தார்கள் என்று லின் சொன்னாளாம். "நீங்கெல்லாம் ராணிமார் மச்சான்" என்பாள்.

அந்தச் சீலைத்துண்டைப் பற்றி எழுதப்போனால் அவளுடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன் உசனாரைப் பற்றி எழுதாமல் முடியாது.

உசனார் மேசன். வயது எழுபத்திரண்டு. ஏறாவூரில் அவர் தூக்குக்குண்டு பிடிக்காத தெரு இல்லை. கையாளாக இருந்த பதினாலு வயதிலேயே, பின்னேரம் வேலை முடிந்து வரும்போது மிச்சச் சாந்தைச் சிரட்டையில் கொண்டுவந்து தங்கச்சிக்குச் சின்ன அடுப்பு, சின்ன அம்மி, சின்னக் கிணறு என்று செய்து கொடுப்பார். மூன்று வயது நஸீறா அவற்றைச் சுற்றி மண்சோறு ஆக்கியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கிணற்றுக்குள் வாளி விட ஒரு கப்பிகூட வைத்திருந்தார், நூல் உருண்டையில்.

எங்கள் பகுதியில் பெண்ணுக்குத்தான் வீடு. வாப்பா கட்டிக் கொடுக்க வேண்டும், வாப்பா இல்லாவிட்டால் ஆண் சகோதரம். நஸீறாவின் வாப்பா நேரத்தோடு மௌத்தாகிவிட்டார். உசனார் அத்திவாரம் வெட்டி, சுவரை ஜன்னல் தலைக்கு, லிண்டல் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். அந்த நேரம்தான் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை வந்தது. பிறகு சீமெந்து வாங்கவும் ஆமியிடம் பாஸ் எடுத்த காலம். பிறகு அவருடைய சொந்தப் பெண்மக்கள் நாலு பேரும் வரிசையாக வளர்ந்தார்கள், நாலு பேருக்கும் நாலு வீடு வேண்டும். தங்கச்சியின் சுவர் லிண்டல் மட்டத்திலேயே நின்றது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஆலங்கன்று முளைத்தது. பேசி வைத்த மாப்பிள்ளை வீட்டார் ஏழு பெருநாள் பார்த்துவிட்டு வேறிடத்தில் முடித்துக்கொண்டார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அப்படியே காலம் போய்விட்டது.

நஸீறா டுபாயில் இருந்து தன் உழைப்பில் வீட்டைத் தொடங்கினாள். காக்காவைக் கேட்க அவளுக்குக் கூச்சம், அவள் கேட்காமல் செய்ததில் அவருக்குக் கோபம். வெளியூர் மேசன் ஒருவர் வந்தார். பதினாறு வருடம் மழையில் ஊறிய சுவர் பாரம் தாங்காது என்று முழுவதையும் இடித்துவிட்டு அத்திவாரத்தில் இருந்து எழுப்பினார். இடித்த அன்று உசனார் எதிர் வளவில் நின்று பார்த்தார். கல்லைக் கல்லாக ஏற்றிக்கொண்டு போகும்வரை நின்றார். "நான் எழுப்பின செவர இடிச்சிட்டாள். இனி அவட வாசல் மிதிச்சா என்னக் கேளுங்க" என்று தெருவில் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம். உம்மா மௌத்தான வீட்டில்கூட ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள்.

இந்த வருடம், நோன்புக்கு முந்திய ஒரு புதன்கிழமை, உசனாரின் கடைசி மகள் ஷஸ்னா தன் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தாள். அவர் நாலு அடிக்கு ஒருமுறை நின்று நின்று வந்தார். கொட்டிலுக்குள் நான் முழங்காலில் புகையோடு கிடந்தேன்.

"வாசல் மிதிக்க மாட்டன் எண்ட மனுசன் வந்திரிக்கார்" என்றேன்.

"இது வீடில்ல மச்சான், கொட்டில்" என்றார் உசனார். ஸ்டூலில் இருந்தபடியே கொட்டில் தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "சாந்து காணா."

நஸீறா தலையணையை மேசையில் சரியாக வைத்தாள். கூடப்பிறந்த ஆணுக்குச் சீலை தேவையில்லை. ஆனால் உசனார் தன் கையாலேயே மேசையில் கிடந்த சீலைத்துண்டை எடுத்துத் தன் மணிக்கட்டின் மேல் விரித்தார், நாலு மூலையும் நேராக வரும்படி. அந்நிய ஆண் என்று அவரே தன்னைச் சொல்லிக்கொண்டது போல இருந்தது. நஸீறா கொஞ்ச நேரம் அந்தச் சீலையைப் பார்த்தாள். பிறகு அதற்கு மேலால் மூன்று விரலையும் வைத்தாள்.

விரலை எடுக்க வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. அஜந்தா பக்கம் திரும்பி, "அவருக்கிட்டக் கேளுங்க, நித்திரை எப்பிடியாம்?" என்றாள்.

அஜந்தா முழித்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழத் தூரம்தான்.

"ஐயா, உங்களுக்கு நித்திரை எப்பிடியாம்?"

"செல்லுங்க, மூணு தலகணி வச்சாத்தான் படுக்க ஏலுமாம் எண்டு."

"அக்கா, மூண்டு தலகணியாம்."

"காது கேட்டுது. மூச்சு எப்ப முட்டுறயாம்?"

"ஐயா, மூச்சு எப்ப... ஐயோ கடவுளே, நான் என்ன தபால் கந்தோரா? முத்திரையும் ஒட்டவா?" அஜந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஷஸ்னாவும் சிரித்துவிட்டாள். உசனாரின் மீசை லேசாக அசைந்தது. தூது சொல்ல என்னை ஏன் கேட்கவில்லை என்றால், நான் இரண்டு பேருக்கும் சொந்தம். எந்தச் சொல்லை எந்தப் பக்கம் சாய்த்துவிடுவேன் என்ற பயம் இரண்டு பேருக்கும் உண்டு.

அன்றைக்கு நஸீறா அவருடைய முதுகில் மட்டும் கொஞ்ச நேரம் புகை காட்டினாள். இஞ்சியும் பேரீச்சம்பழமும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை அஜந்தாவிடம் கொடுத்து அவரிடம் கொடுக்கச் சொன்னாள். அவர் அதை மெல்ல மெல்லக் குடித்துவிட்டு, கோப்பையின் அடியில் இருந்த பேரீச்சம்பழத்தையும் விரலால் எடுத்துத் தின்றார். போகும்போது, "அடுத்த புதனும் வாறதாம் எண்டு செல்லுங்க" என்றார்.

அவர் போன பின் நஸீறா வேலையை விட்டுவிட்டு நின்றாள். "மச்சான், சீலைக்கு மேலால பாத்தா நாடி பிழைக்குமா?" என்று கேட்டாள். எட்டு வருடமாகச் சீலைக்கு மேலால் பார்க்கிறவள் என்னிடம் கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. "பிழைக்கலாம்" என்றேன். அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் ஆறுதலாகிவிட்டது.

அடுத்த புதனுக்கு உசனார் நேரத்தோடு வந்தார். சேட்டுக்கு நீலம் போட்டிருந்தது. கையில் ஒரு பையில் வாவி இறால். "நான் வாங்கல்ல, ஷஸ்னா வாங்கினது எண்டு செல்லுங்க" என்றார் அஜந்தாவிடம். சீலையைத் தானே விரித்தார். நஸீறா விரலை வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். அன்றைக்கும் புகைதான். அவர்களுடைய பேச்சு அஜந்தா வழியாகக் கொஞ்சம் நீண்டது. வளவில் நின்ற பழைய மாமரம் காய்க்கிறதா என்று அவர் கேட்டார். காய்க்கிறது, ஆனால் வௌவால் விடுவதில்லை என்று அவள் சொன்னாள். மாமரத்துக்கும் நாடிக்கும் என்ன தொடர்பு என்று அஜந்தா கேட்டாள்.

இந்தச் சந்தோசத்தில் நாங்கள் எல்லோரும் குருடாகிவிட்டோம். அவருடைய கணுக்கால் வீங்கியிருந்ததை மூன்றாம் புதன்தான் ஆமினா உம்மா பார்த்தாள். வாயைக் கொப்புளித்துவிட்டு வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தவள், "உசனார், இதென்ன ஒங்கட காலு செருப்புக்குள்ள கொள்ளாம கிடக்கு?" என்று கேட்டாள். உள்ளே இருந்த நஸீறா அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து குனிந்தாள். பெருவிரலால் அவருடைய கணுக்காலை அமத்திவிட்டு எடுத்தாள். அமத்திய இடம் குழியாகவே நின்றது.

உள்ளே கூட்டிவந்து இருத்தினார்கள். அவர் வழக்கம் போலச் சீலையை எடுத்து விரித்தார். இந்தமுறை நஸீறா அதை எடுத்துக் கீழே போட்டாள். வெறும் தோலில் மூன்று விரலையும் வைத்தாள். அவளுடைய உதடு எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணுவதும், நின்றுபோவதும், திரும்ப முதலில் இருந்து எண்ணுவதுமாக இருந்தது.

கையை எடுத்துவிட்டு அஜந்தாவிடம் சொன்னாள்: "அவருக்கிட்டச் செல்லுங்க, இனி இஞ்ச வர வேணாம். இப்பவே ஆஸ்பத்திரிக்கிப் போகட்டும்."

அஜந்தா சாம்பல் பேணியைக் கீழே வைத்தாள். "இத நான் சொல்ல மாட்டன் அக்கா. தலகணிக் கதை, மாங்காக் கதை எண்டா நான் காவுவன். இத நீங்களே சொல்லுங்க."

"தேவல்ல, காதுல விழுந்திட்டு" என்றார் உசனார். சேட்டின் கையை இறக்கி விட்டுக்கொண்டார். "இடிக்கிறது அவக்குப் பழகின வேலதானே. வா ஷஸ்னா."

எழும்பப் பார்த்தார், மூச்சு இடம் கொடுக்கவில்லை. திரும்பவும் இருந்துவிட்டார். அவர் அப்படியே போய்விட்டால் இனி ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டார், இந்தக் கொட்டிலுக்கும் வரமாட்டார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"காக்கா" என்றாள் நஸீறா.

பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு வந்த சொல் அது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"காக்கா, ஒங்கட நாடி விடுபடுது. மொத நாளே விடுபட்டது. சீல பிழைக்குது எண்டு நெனச்சன். நெனச்சனா, நெனைக்க ஆசப்பட்டனா, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். மத்த ஆளெண்டா அண்டைக்கே அனுப்பியிரிப்பன். ஒங்கள அனுப்பினா மறுகா வர மாட்டீங்க எண்டு பயத்தில ரெண்டு கிழம வச்சிரிந்திட்டன். பிழை என்ட. இனி ஒரு நாளும் வைக்க ஏலா."

உசனார் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், அஜந்தாவிடம் அல்ல, நேராக:

"பயம் குண்டிக்காய்ல எண்டு ஊருக்கெல்லாம் செல்ற. நீ எந்தக் குண்டிக்காய்ல வச்சிரிந்த?"

"ரெண்டிலயும்."

"ம்" என்றார். "ஆஸ்பத்திரில ஆர் நிக்கிற?"

"நான் நிக்கிறன்."

"ஆம்பிள வார்ட்டுல பொம்பிளய விட மாட்டானுகள்."

"வெளிய வாங்கில நிக்கிறன்."

"ஒனக்கு இஞ்ச சனம் கிடக்கு."

"சனம் சனிக்கிழம வரும். எழும்புங்க."

ஷஸ்னா கிளினிக் கார்ட்டையும் மாற்றுச் சாரனையும் எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள், புருசனோடு பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டு. அஜந்தா எரிந்துகொண்டிருந்த குச்சிகளையெல்லாம் மணலில் குத்தி அணைத்தாள். ஒழுங்கை முனையில் நிற்கும் றிப்ஷானின் ஓட்டோ படலைக்கு வந்தது. ஆமினா உம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உசனாரை ஏற்றினோம். இறுக்கிப் பிடிக்க வேண்டாம் என்று எங்களை ஏசினார். சாம்பல் படிந்த உடுப்பை மாற்ற நேரமில்லாமல், அதற்கு மேலாலேயே கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு நஸீறா ஓடிவந்து அவருக்குப் பக்கத்தில் ஏறினாள். றிப்ஷானிடம், "பெரிய ஆஸ்பத்திரி, குழியில போடாம போ" என்றாள். போனை எடுத்து யாருக்கோ சொல்லத் தொடங்கினாள்.

ஓட்டோ திரும்புவதற்காகப் பின்னால் வந்தது. அவளுடைய அபாயாவின் ஓரம் வெளியே தொங்கி, சில்லுக்குக் கிட்ட மண்ணில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை. நாங்கள் கத்துவதற்குள் உசனார் மூச்சிரைக்க அவளுக்குக் குறுக்கால் குனிந்து, அந்த ஓரத்தை எட்டிப் பிடித்து, மண்ணைத் தட்டி, உள்ளே இழுத்துத் தன் தொடைக்குக் கீழே செருகி வைத்துக்கொண்டார்.